சம்பளம் வாங்காமல் மலையேறும் மீட்பர்கள்

பிரிட்டனில் ஒரு மலைச்சரிவில் கால் முறிந்து கிடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 999 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எடுப்பவரிடம் முதலில் 'போலீஸ்' என்று கேட்க வேண்டும். போலீஸ் வந்ததும் 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மழையில் நனைந்தபடி, தலையில் விளக்கு கட்டிய பத்துப் பதினைந்து பேர் உங்களைச் சுற்றி நிற்பார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம். இன்னொருவர் பிளம்பர், வேறொருவர் ஆடு வளர்ப்பவர், மற்றொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். போலீஸ்காரரோ ராணுவ வீரரோ அரசு ஊழியரோ என்ற முறையில் அவர்கள் அங்கு வரவில்லை. இந்த வேலைக்காக அவர்களுக்கு ஒரு பென்னிகூடக் கிடைப்பதில்லை. உங்களிடமும் அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வளர்ந்த நாடு, எல்லாவற்றுக்கும் ஒரு துறை வைத்திருக்கும் நாடு, மலையில் உயிருக்குப் போராடுபவரைக் காப்பாற்றும் பொறுப்பை ஏன் ஊர்க்காரர்களிடம் விட்டுவைத்திருக்கிறது? சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலத்தில் காணாமல் போனவரைத் தேடும் பொறுப்பு காவல்துறையுடையது. ஆனால் பனியும் பாறையும் இருட்டும் தெரிந்த ஆட்கள் காவல்துறையிடம் இல்லை. அந்த மலைகளில் நாளும் நடப்பவர்களிடம்தான் அந்த அறிவு இருக்கிறது. ஆகவே போலீஸ் அவர்களை அழைக்கிறது, அவர்கள் வருகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் தனியாக இருபதுக்கு மேல். இங்கிலாந்து, வேல்ஸ் குழுக்கள் மட்டும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 3,000 முறைக்கு மேல் அழைக்கப்பட்டிருக்கின்றன.

இது எப்படித் தொடங்கியது என்பதற்குப் பின்னால் ஒரு மனிதர் இழந்த கால் இருக்கிறது. 1928-இல் லேடோ பாறைகள் என்ற இடத்தில் எட்கர் பிரையர் என்ற மலையேறி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. தூக்கிச் செல்ல ஒன்றுமில்லை. நண்பர்கள் பாதையோரம் நட்டிருந்த வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கி, அதில் அவரைக் கட்டி, மைல் கணக்கில் மேடு பள்ளத்தில் சுமந்து வந்தார்கள். வலிக்கு மருந்து இல்லை. மருத்துவமனையில் கால் எடுக்கப்பட்டது. சிகிச்சையளித்த மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே ஒரு முடிவுக்கு வந்தார்: விழுந்ததைவிட, வலியோடு குலுக்கிக்கொண்டு வந்ததுதான் இவருக்கு அதிகக் கேடு செய்தது. அதன்பின் மலையேறும் சங்கங்கள் சேர்ந்து, மலைக்கென்றே ஒரு ஸ்ட்ரெச்சர் செய்ய ஒரு குழு அமைத்தன. யூஸ்டஸ் தாமஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த ஸ்ட்ரெச்சர் அதிலிருந்து வந்தது. பல பத்தாண்டுகள் பிரிட்டனின் மலைகளில் அதுதான் பயன்பட்டது.

டாக்டர் ஹே அதோடு நிற்கவில்லை. மலையடிவாரத்து மீட்பு நிலையங்களில் மார்ஃபின் வைக்க அனுமதி வேண்டும் என்று அரசிடம் கேட்டார். கிடைக்கவில்லை. மருத்துவர் அல்லாதவர் கையில் அந்த மருந்தைக் கொடுப்பது சட்டவிரோதம். அவரோ தானே வாங்கி நிலையங்களுக்குக் கொடுத்தார். 1949-இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 10 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வழக்கு ஊரெல்லாம் பேசப்பட்டு, அரசே இறங்கிவந்து மீட்புக்குழுக்களுக்கு மார்ஃபின் வைத்துக்கொள்ள அனுமதி தந்தது. இன்று எத்தனையோ பேர் வலி குறைந்து கீழே வருவதற்கு அந்தப் பத்துப் பவுண்ட் அபராதமும் ஒரு காரணம்.

1946-இல் லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள கிரேட் கேபிள் மலையில் வில்ஃப்ரிட் நாய்ஸ் என்பவர் காற்றில் தூக்கி வீசப்பட்டுக் கால் முறிந்தார். ரஸ்டி வெஸ்ட்மர்லேண்ட் என்ற முன்னாள் ராணுவ அதிகாரியும் மற்றவர்களும் அவரை இரவெல்லாம் இறக்கினார்கள். பயிற்சியில்லாத கைகள் எவ்வளவு தடுமாறின என்பதைப் பார்த்த வெஸ்ட்மர்லேண்ட், அடுத்த ஆண்டே கெஸிக் ஊரில் ஒரு மீட்புக்குழுவைத் தொடங்கினார். அந்தக் குழு இன்றும் இயங்குகிறது. அன்று தூக்கிவரப்பட்ட நாய்ஸ், 1953-இல் எவரெஸ்ட் சிகரத்தை முதலில் தொட்ட பிரிட்டிஷ் பயணக்குழுவில் ஓர் உறுப்பினராக இருந்தார்.

இன்றைக்கு ஓர் அழைப்பு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். போலீஸ் முதலில் குழுத்தலைவரைத்தான் எழுப்பும். அவர் மலையில் இருப்பவரிடம் நேரடியாகப் பேசுவார். பெரும்பாலும் அவருக்கே தான் எங்கிருக்கிறோம் என்று தெரியாது. அவரது கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் அவர் நிற்கும் இடம் தலைவரின் திரையில் வரைபடத்தில் வந்துவிடும். வெறுமனே வழி தவறியவர் என்றால், சில நேரம் தொலைபேசியிலேயே பாதை சொல்லி இறக்கிவிடுவார்கள். ஒருவரும் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. அப்படி முடியாதபோதுதான் எல்லா உறுப்பினர்களின் கைப்பேசியும் ஒலிக்கும்.

அது பிள்ளையின் பிறந்தநாளாக இருக்கலாம். கடையில் வாடிக்கையாளர் நிற்கும் நேரமாக இருக்கலாம். பகலில் வேலையை விட்டுப் போக முதலாளி சம்மதிக்க வேண்டும். அது முழுக்க அவரது நல்லெண்ணத்தைப் பொறுத்தது. ஒருவகையில், மீட்புக்குழுவுக்கு மௌனமாக நன்கொடை தருபவர்கள் இந்த முதலாளிகளும், ஆறிப்போன சோற்றை மூடிவைத்துவிட்டு விடிய விடிய வாசலைப் பார்த்திருக்கும் மனைவி மக்களும்தான். நன்கொடையாளர் பட்டியல் எதிலும் இவர்கள் பெயர் வராது.

முதலில் நாலைந்து பேர் குறைந்த சுமையோடு வேகமாக ஏறுவார்கள். அடிபட்டவரைக் குளிரிலிருந்து காப்பதும், வலியைக் குறைப்பதும், எலும்பை அசையாமல் கட்டுவதும் அவர்கள் வேலை. குளிர் என்றால் நாம் ஊட்டிக் குளிரை நினைத்துக்கொள்வோம். இங்கே பிரச்சினை வெப்பமானி காட்டும் எண் மட்டுமல்ல. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் கோடைக்காலத்திலும் ஒருவரின் உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடும். அதன்பின் நடுக்கம், உளறல், மயக்கம், மரணம் என்று வரிசையாக வரலாம். ஆகவே கால் முறிவைவிட, கால் முறிந்து அசையாமல் கிடக்கும் மூன்று மணி நேரத்துக்குத்தான் மீட்பர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். பஞ்சு வைத்துத் தைத்த கனமான ஒரு பை வைத்திருப்பார்கள். அடிபட்டவரை அப்படியே அதற்குள் செருகி மூடுவார்கள்.

பின்னால் வருபவர்கள் ஸ்ட்ரெச்சரையும் கயிறுகளையும் சுமந்து வருகிறார்கள். ஒரு ஸ்ட்ரெச்சரைக் கரடுமுரடான சரிவில் சுமக்க ஒரே நேரத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் வேண்டும். சிறிது தூரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஒரு மனிதரைச் சாலைவரை கொண்டுசேர்க்க பதினைந்து இருபது பேர் தேவைப்படுவது இதனால்தான். ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். சமதளத் தெருவில் நாலு பேர் தோள் மாற்றி மாற்றிச் செல்வதை, இருட்டில், வழுக்குப் பாறையில், மேலே கிடப்பவர் உயிரோடு வலியில் கத்துகிறார் என்ற நிலையில் நினைத்துப் பாருங்கள்.

ஹெலிகாப்டர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. முன்பு விமானப்படையும் கடற்படையும் அந்த வேலையைச் செய்தன. 2015 முதல் கடலோரக் காவல் அமைப்பின் ஹெலிகாப்டர்கள் செய்கின்றன. அந்த விமானிகள் ஊதியம் பெறும் வல்லுநர்கள். ஆனால் மேகம் மலையை மூடிவிட்டால் ஹெலிகாப்டர் மேலே வர முடியாது. மலையில் மனிதர்கள் வழி தவறுவதும் அந்த மேகத்தில்தானே! அப்போது கால்தான் வாகனம்.

இந்தத் தொண்டில் சேர ஆர்வம் மட்டும் போதாது. மலையில் தனியாக, இரவில், வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால் விரைந்து வரும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். பயிற்சிக் காலம் ஓராண்டோ அதற்கு மேலோ நீளும். அதன் முடிவில் குழு ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். மருந்து கொடுக்கும் பொறுப்பு வேண்டுமென்றால் தனித் தேர்வு உண்டு. அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் எழுத வேண்டும். ஒருமுறை சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் ஆயுள் முழுதும் செல்லும் என்ற கதை அங்கே இல்லை.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் மீட்புக்குழு தொடங்கிய ஹாமிஷ் மெக்கின்னஸ், சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் புதைந்தவர்களை நாய்கள் கண்டுபிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, 1965-இல் பிரிட்டனில் தேடுநாய்ச் சங்கத்தை உருவாக்கினார். காற்றில் வரும் மனித வாடையைப் பிடித்து, பல மனிதர்கள் மணிக்கணக்கில் தேடும் பரப்பை ஒரு நாய் விரைவில் அலசிவிடும். அந்த நாய்களைப் பழக்க யாராவது காணாமல் போயாக வேண்டுமல்லவா? அதற்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். புதருக்குள், பாறை இடுக்கில், மழையில் மணிக்கணக்கில் ஒளிந்து படுத்திருப்பது மட்டுமே அவர்கள் தொண்டு. நாய் வந்து கண்டுபிடித்தால் அன்றைய பணி முடிந்தது.

நம் வீடுகளில் இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டைக்கும், ஆடுமாடு மேய்ச்சலுக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. தேவையின் அடிப்படையிலான அந்த அனுமதியில், உயிரைத் தேடும் நாயையும் இக்கால அறிஞர்கள் சேர்த்தே பேசுகிறார்கள். தூய்மை பற்றிய சட்டம் தனி. அது மத்ஹபுக்கு மத்ஹபு வேறுபடும்.

எல்லா அழைப்பும் மலையேறிகளுக்காக வருவதில்லை. மறதிநோயால் வீட்டைவிட்டு இறங்கிப்போன முதியவர், வாழ்க்கை வெறுத்து யாரிடமும் சொல்லாமல் காட்டுப்பக்கம் போன இளைஞர் ஆகியோரையும் இதே குழுக்கள்தான் தேடுகின்றன. சில நேரம் உயிரோடு கிடைப்பார்கள். சில நேரம் உடலைத்தான் இறக்கி வர வேண்டியிருக்கும். சிறிய ஊர்களில் அந்த உடல் தெரிந்தவருடையதாகவும் இருந்துவிடும். மறுநாள் காலை அந்த ஆசிரியர் வகுப்பறையில் கணக்குப் பாடம் நடத்தியாக வேண்டும். ஆண்கள் நிறைந்த இக்குழுக்களில் முன்பெல்லாம் இதைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை. இப்போது தேடல் முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள், தேவைப்பட்டவருக்கு மனநல உதவி ஏற்பாடு செய்கிறார்கள். உடலில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்தவர்கள் மனதில் பட்டதைக் காயமென்று ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்விக்கு வருகிறேன். முட்டாள்தனம் செய்து மாட்டிக்கொண்டவரையும் இலவசமாகக் காப்பாற்ற வேண்டுமா?

2021 பிப்ரவரியில், கொரோனா ஊரடங்கு நடப்பில் இருந்தபோது, இருவர் வெளியூரிலிருந்து வந்து லேக் டிஸ்ட்ரிக்டின் ரெட் ஸ்க்ரீஸ் மலையில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அது அன்றைய விதிகளுக்கு முரணானது. இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி. பேட்டர்டேல் மீட்புக்குழு இருட்டில் ஏறியது. ஏறும்போது மூத்த தன்னார்வலர் ஒருவர் சறுக்கி ஏறக்குறைய 150 மீட்டர் கீழே விழுந்தார். முதுகெலும்பில் பலத்த காயம். உயிர் பிழைத்தார், ஆனால் மீண்டும் எழுந்து நடக்கும் நிலை போய்விட்டது. நெஞ்சுவலி என்றவர் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். இருவருக்கும் விதியை மீறியதற்காகத் தலா 200 பவுண்ட் அபராதம்.

செய்தி வந்ததும் நாடு கொதித்தது. 'செலவை அவர்கள் தலையில் கட்டு', 'இப்படிப்பட்டவர்களுக்கு யாரும் போகக்கூடாது' என்றார்கள். அந்தக் கோபம் நியாயமற்றது என்று யார் சொல்ல முடியும்? ஒரு மனிதரின் கால்கள் போயிருக்கின்றன. ஆனால் மீட்புக்குழுக்கள் கட்டணம் வசூலிக்கும் யோசனையைத் தொடர்ந்து எதிர்த்தே வந்திருக்கின்றன. ஆஸ்திரியாவில் மீட்பவர்கள் தன்னார்வலர்களாக இருந்தாலும், மீட்கப்பட்டவருக்குச் செலவுக் கணக்கு வீட்டுக்கு வரும். சுவிட்சர்லாந்திலும் ஹெலிகாப்டருக்குக் கட்டணம் உண்டு. மக்கள் காப்பீடு எடுத்துக்கொள்கிறார்கள், அல்லது மீட்பு அறக்கட்டளைக்கு ஆண்டுச் சந்தா செலுத்துகிறார்கள். அங்கே அது ஓடுகிறது. பிரிட்டன் குழுக்கள் வேண்டாம் என்பதற்குக் காரணம் கருணை மட்டுமல்ல, கணக்கும்தான். பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்தால், மாலை நாலு மணிக்கு வழி தவறியவர் நாலு மணிக்கு அழைக்க மாட்டார். தானே இறங்கிவிடலாம் என்று பார்ப்பார். இரவு பத்து மணிக்கு, நனைந்து, விழுந்து, கால் உடைந்தபின் அழைப்பார். வெளிச்சத்தில் இரண்டு பேர் முடித்திருக்க வேண்டிய வேலைக்கு இருட்டில் இருபது பேர் உயிரைப் பணயம் வைக்க நேரும். பணம் இல்லாதவர் அழைக்காமலே இருந்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. தவறு செய்தவர் யார், விபத்தில் சிக்கியவர் யார் என்று மலையடிவாரத்தில் நின்று தீர்ப்பு எழுத முடியாது. ரெட் ஸ்க்ரீஸில் இருந்தவர் ஊரடங்கை மீறினார் என்பது உண்மை. அவர் நெஞ்சுவலி என்று அழைத்ததும் உண்மை. இரண்டாவதுக்காகத்தான் குழு ஏறியது. முதலாவதைப் போலீஸ் பார்த்துக்கொண்டது. இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது. வெள்ளத்தில் சிக்கியவரைப் பார்த்து 'ஆற்றோரம் ஏன் வீடு கட்டினாய்' என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். கரையேற்றிய பிறகு கேட்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி உண்டியல், நன்கொடை, இறந்தவர்கள் உயிலில் எழுதிவைத்த தொகை. அரசு தருவது சொற்பம். குழுக்கள் வாங்கும் கருவிகளுக்குக் கட்டிய மதிப்புக்கூட்டு வரியைத் திருப்பித் தரவே 2015 வரை ஆகியிருக்கிறது. அதற்குமுன் உயிர்காக்கும் கயிற்றுக்கும் உண்டியல் காசிலிருந்து வரி கட்டினார்கள்.

ஃபர்ளு கிஃபாயா பாடம் நடத்தும்போது நாங்கள் வழக்கமாக ஜனாஸாவையே உதாரணம் காட்டுவோம்: ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோர் மேலிருந்தும் கடமை நீங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளி. அந்தச் 'சிலர்' யார், அவர்களுக்கு என்ன பயிற்சி, அவர்கள் வீட்டை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து யோசிக்க பிரிட்டனின் இந்த ஏற்பாடு ஒரு நல்ல உதாரணம். நம் பக்கத்து மலைகளிலும் அந்தச் சிலர் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றக் குழு சிக்கியபோது ஊர்மக்களும் மேலே ஓடினார்கள். 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவில், பாலம் போய்விட்ட ஆற்றைக் கம்பிவடத்தில் தொங்கிக் கடந்து காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்த கூடலூர் செவிலியர் சபீனாவுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. துணிவுக்கும் ஈரத்துக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. விபத்து நடக்காத மாதங்களிலும் வாரந்தோறும் கூடிக் கயிறு கட்டிப் பழகும் குழுக்கள்தான் நம் மலையடிவார ஊர்களில் போதாது.

பிரிட்டனில் வாழும் நம் பிள்ளைகளும், அங்கே படிக்கப் போனவர்களும் இப்போது மலைகளுக்கு அதிகம் போகிறார்கள். ஹாரூன் மோட்டா தொடங்கிய 'முஸ்லிம் ஹைக்கர்ஸ்' குழு 2021 டிசம்பர் 25 அன்று பீக் டிஸ்ட்ரிக்டில் நூற்றுக்கு மேற்பட்டோரை அழைத்துச் சென்றது. அந்தப் படங்களுக்கு இணையத்தில் இனவெறிப் பின்னூட்டங்கள் குவிந்தன; ஆதரவும் குவிந்தது, குழுவும் வளர்ந்தது. நல்ல விஷயம். ஆனால் ஊரில் கொடைக்கானல் போன நினைப்பில் செருப்போடும் ஒரு பாட்டில் தண்ணீரோடும் ஏறிவிடக் கூடாது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் வெறும் 978 மீட்டர்தான். உயரத்தைப் பார்த்து ஏமாறுபவர்களால்தான் வாஸ்டேல் குழுவுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

டிசம்பரில் அங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். கைப்பேசியின் விளக்கை நம்பிப் போகாதீர்கள். அது வெளிச்சத்தையும் தரும், அழைக்க வேண்டிய பேட்டரியையும் தின்னும். தனியாக ஒரு தலைவிளக்கு வேண்டும். நனையாத மேலுடை, கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை, காகித வரைபடம், ஒரு விசில் போதும். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி முன்கூட்டியே பதிந்துகொண்டால், பேசுவதற்குச் சிக்னல் போதாத இடத்திலிருந்தும் எழுத்தில் உதவி கேட்க முடியும்.

சிக்னலே இல்லாவிட்டால் விசில்தான். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஊத வேண்டும். இரவென்றால் விளக்கையும் இதே கணக்கில் மின்னவிடலாம். பதிலாக மூன்று விசில் கேட்டால் உங்களை யாரோ அறிந்துவிட்டார்கள் என்று பொருள். அப்போதும் நிறுத்திவிடாதீர்கள். மேகத்துக்குள் அவர்கள் உங்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். அவர்கள் அருகில் வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.